சமயப் பற்றுக்கு வித்து அறிவா, அபிமானமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒருவன் ஒரு சமயத்தில் நிற்பது ஆராய்ந்து தெளிந்த அறிவினாலா, பிறப்போடு வந்த அபிமானத்தினாலா? மிஷன் பாடசாலையில் பயின்ற சைவப் பிள்ளைகளாகிய எமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

வேதாகம வகுப்பிலே இஸ்ரவேலரின் ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிப் படித்தோம். அங்கே விளக்கும் தூபமும் அபிஷேகத் தைலமும் இருக்கக் கண்டு எம் உள்ளம் துள்ளியது. "எங்கள் கோயிலில் உள்ளவைதாமே இவை!" என்று ஆசிரியரை மடக்க விரைந்தோம். இவ்வாதத்தை ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலில் முன்னரே நிறுவிவிட்டார் என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆயினும், நாவலர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலியத் தமிழாக்கத்தில் பல ஆண்டு உழைத்தவர். அந்நூலைக் கசடறக் கற்றபின் வாதிட்டவர். நாமோ இரண்டு அதிகாரம் படித்தவுடன் வென்றுவிட்டோம்! அன்று எமக்கு வந்தது உண்மையைக் கண்ட மகிழ்ச்சியா? இல்லை, வழக்கில் வென்ற மகிழ்ச்சியே.

இனி, பிறரை எவ்வாறு மதிக்கிறோம்? இக்கரையோரத்தில் மதம் மாறியோரைப் பற்றி, "சலுகைக்காக மாறினார்கள்" என்று எளிதிற் கூறிவிடுகிறோம். போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியதும் ஒரு காரணம் என்பது மெய்யே. ஆனால் 1544இல் சங்கிலி மன்னன் ஆணையால் மன்னாரில் ஏறத்தாழ 600 கிறித்தவர் கொல்லப்பட்டதாக வரலாறு கூறும். உயிர்ப்பலி ஒரு கொள்கையை மெய்யென நிறுவாது. எனினும், அத்தகையோரின் நம்பிக்கையைச் சலுகை என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியுமா?

பாலாவிக் கரையிலே போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீட்க வேண்டுமென 1872இல் நாவலர் எழுதினார். அவ்வாலயத்தை மீண்டும் எழுப்பிய அடியார்களுக்கு என்ன ஆதாயம்? அவர்களைச் செலுத்தியது அன்பு. அந்த அன்பு பிறருக்கும் உண்டென ஒப்புவதே நேர்மை.

அன்பர்களே! அபிமானம் எம்மைக் கோயில் வாசல்வரை அழைத்து வரும், அதில் குற்றமில்லை. தாய்மொழியும் அவ்வாறே வந்தது. அதன்பின் ஆராய்வது எம் கடன். பிறர் சமயத்திடம் கேட்கும் கடுமையான கேள்வியை எம் சமயத்திடமும் கேட்போம். அக்கேள்விக்கு அஞ்சும் பற்று, பற்றன்று, பிடிவாதமே.