பாரிசவாதம்: நேரம் கடந்த பிறகு அல்ல

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

  

பாரிசவாதம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். என் உம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். அவரும் இந்தப் பாடசாலையின் பழைய மாணவிதான். பிரஷருக்குக் குளிசை பாவித்தவர், "இப்ப சுகமாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிட்டார். ஒருநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் தேநீர்க் கோப்பை வலக்கையிலிருந்து நழுவியது, பேச்சும் குழறியது. களைப்பு என்று படுக்க வைத்து, எண்ணெய் தேய்த்தார்கள். வெளியூரில் கடமையிலிருந்த எனக்குச் செய்தி வந்தபோது ளுஹரும் கடந்துவிட்டது. டாக்டரான மகள் நான், "குளிசை போடுறீங்களா உம்மா?" என்று கடைசியாக எப்போது கேட்டேன் என்பது எனக்கே நினைவில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பாரிசவாதம் வரும். பெரும்பாலானவை அடைப்புத்தான். இரண்டுக்கும் முதன்மைக் காரணம் உயர் குருதி அமுக்கம், அதாவது பிரஷர். அது வலிக்காது, அளந்தால்தான் தெரியும். சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், சீரற்ற இதயத்துடிப்பு, நடையின்மை ஆகியவையும் காரணங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையும் கெடுதியே. நமது கரையோரச் சமையலில் கருவாடும் அச்சாறும் உப்பைக் கூட்டுகின்றன; நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் ஆபத்து அதிகம். பிள்ளை பிறந்ததோடு மறந்துவிடாமல் வருடந்தோறும் அளந்து பாருங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அடைப்பா இரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். ஆகவே வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். புரையேறும், தண்ணீரும் வேண்டாம். சில நிமிடங்களில் தானாகச் சுகமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அது முன்னெச்சரிக்கை.

உம்மா இன்று இடக்கையால் தஸ்பீஹ் உருட்டுகிறார். என் பெயரை முழுதாகச் சொல்ல அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், அம்மாவிடம், குளிசை போட்டீர்களா என்று கேளுங்கள். பிறகு உங்கள் பிரஷரையும் அளந்து பாருங்கள்.