பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: முதல் வாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது

(கொடைக்கானலில் நம் டிரஸ்ட் நடத்திய தாய்மார் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் குளிரிலும் பூம்பாறை, வில்பட்டி, பண்ணைக்காடு என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே!

"பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வர்றது வழக்கம்தானே, நாலு நாள் வெயில்ல காட்டினா போயிரும்" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அதில் பாதி சரி. நிறைமாதத்தில் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இறங்காமல் ஏறிக்கொண்டே போகிற சில குழந்தைகளைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நம் ரத்தத்தில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தையின் கல்லீரல் அந்த வேலைக்கு இன்னும் பழகியிருக்காது. உடைகிற அணுக்களோ அதிகம். அளவு மிஞ்சிப்போனால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து, அசைவையும் காது கேட்பதையும் நடத்துகிற பகுதிகளில் படிந்துவிடும். அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, கைகால் தன் வசத்தில் இருக்காது, பலருக்குக் காதும் கேட்காது. ஆனால் சொல்வது எல்லாம் புரியும். வந்த பிறகு திருப்ப முடியாத ஊனம் இது. வருமுன் தடுப்பதற்கு வேண்டியதோ ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு நீல விளக்கும்தான்.

அந்த விளக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் ஜீன் வார்டு என்ற நர்ஸ். வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிப்போவது அவர் வழக்கம். ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர்ந்த மஞ்சள். மருந்து பூசினீர்களா என்று கேட்டார்கள். இல்லை, துணி மூடியிருந்த இடம் அது, மற்ற இடத்து மஞ்சள் வெளுத்துவிட்டது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, 1958இல் விளக்குச் சிகிச்சையை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒளி பட்டதும் தோலில் உள்ள பிலிருபின் உருமாறி, கல்லீரல் அதை மாற்றித் தர வேண்டிய தேவை இல்லாமலேயே மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. டாக்டர்களின் கண்ணுக்குத் தப்பியது, பிள்ளையைத் தூக்கி வளர்த்த பெண்ணின் கண்ணுக்குத் தெரிந்தது! நம் சென்னையிலேயே ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் டி-ரெவ் அமைப்போடு சேர்ந்து, குறைந்த விலை எல்.இ.டி. விளக்கை 2012இல் கொண்டுவந்தது.

"வெயிலில்தானே கண்டுபிடித்தார்கள், நாமும் வெயிலில் காட்டினால் என்ன?" என்று கேட்பீர்கள். நம் மலையில் வெயில் எத்தனை மணி நேரம் நிற்கிறது? பத்து மணிக்கு அடித்தால் பதினொன்றுக்கு மேகம் மூடிவிடுகிறது. இந்தக் குளிரில் துணியைக் கழற்றினால் பிள்ளையின் உடம்பு சூடு இறங்கிவிடும். அதுவே இன்னோர் ஆபத்து. ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்ற நிம்மதியில் இரண்டு நாள் போய்விடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

இன்னொரு சிக்கலும் நமக்கு உண்டு. சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் உச்சிக்குப் போவதோ மூன்றிலிருந்து ஐந்தாம் நாள். அப்போது தாயும் பிள்ளையும் கதவடைத்த அறையில் கம்பளிக்குள் இருப்பார்கள். வெளியே வீட்டார் அகீகாவுக்கு ஆடு பார்க்கும் பரபரப்பில் இருப்பார்கள். அந்த அறையில் மஞ்சள் பல்பு வெளிச்சம் வேறு. அதில் எந்தப் பிள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. தினம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியை, நெஞ்சை, காலை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் தெரியும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்காலுக்கு வந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. பால் குடிக்காமல் தூங்கி வழிவது, கீச்சென்று அழுவது, முதுகை வில்லாக வளைப்பது, இவை மூளையைத் தொட்டுவிட்டதன் அறிகுறிகள்.

யாருக்கு அதிகம் வரும்? 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், முந்தைய பிள்ளைக்கு விளக்கில் வைத்த வீட்டார், தாய் நெகட்டிவ் ரத்தமாகவோ 'ஓ' பிரிவாகவோ இருப்பவர்கள். தாய் நெகட்டிவாகவும் பிள்ளை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். அது அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஊசி.

மலைவாசிகளான நமக்கென்றே ஒரு விஷயம். கம்பளியும் ஸ்வெட்டரும் வைக்கிற பெட்டியில் அந்துருண்டை போடுகிறோம். பிள்ளை பிறந்ததும் அதே கம்பளியை எடுத்துச் சுற்றுகிறோம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, முக்கியமாக ஆண் குழந்தைகளுக்கு, அந்த வாடையே சிவப்பணுக்களை மளமளவென்று உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். குறை இருப்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

நன்னிமார்கள் கோபிக்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், கீழாநெல்லி எதுவும் பச்சிளம் குழந்தைக்கு ஆகாது. தஹ்னீக் செய்கிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, கழுவிய கையால், பெயருக்குத் தொட்டு வைப்பதோடு நிறுத்துங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடித்தால் மலம் நன்றாகப் போகும், அதோடு மஞ்சளும் போகும். "உனக்குத்தான் காமாலை, பத்தியம் இரு" என்று தாயைப் பட்டினி போடுவதில் ஒரு பயனும் இல்லை. விளக்கில் வைக்கும்போது கண்ணைக் கட்டுவது கண்ணைப் பாதுகாக்கத்தான். பால் கொடுக்க எடுக்கலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2011இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சையும் வாகனமும் இலவசம். 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் இரவும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சந்தேகம் வந்தால் காலையிலேயே கிளம்புங்கள். அத்தா வேலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். போகிற வழியில் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் உங்கள் ரத்தப் பிரிவு என்னவென்று அட்டையைப் பார்த்துவிட்டு, சந்தேகங்களை இப்போதே கேளுங்கள்.