அழுத்தம் ஒன்று, அலகுகள் பல



உந்துவண்டி ஒன்றின் உருளிப்பட்டையில் 220 கிலோபாசுகல் அளவிற்குக் காற்றடைக்க வேண்டும் என்று அதன் கையேடு கூறுவதாகக் கொள்க. காற்றடைக்கும் இடத்திலோ அளவியின் முகப்பில் பவுண்டுக் கணக்கே உள்ளது. அலகைப் பாராது எண்ணை மட்டும் பார்ப்பவன் முள்ளை 220-க்கு ஏற்ற முயன்றால் என்னாகும்? வேண்டிய அளவைப்போல் ஏழு மடங்கு அழுத்தத்தை நோக்கி அவன் செல்கின்றான். அங்கே வேண்டியது 32 பவுண்டே. பட்டை வெடிக்கும், அருகில் நிற்பவன் உயிருக்கும் உறுதியில்லை. அலகில்லாத எண் ஊர்ப்பெயர் எழுதாத மடலை ஒக்கும்.

அழுத்தம் என்பது யாது? ஒரு பரப்பின்மேல் செங்குத்தாகத் தாக்கும் விசையை அப் பரப்பால் வகுத்து வரும் ஈவே அழுத்தம். விசைக்கும் பரப்புக்கும் நாட்டிற்கு நாடு, தொழிலுக்குத் தொழில் வெவ்வேறு அளவைகள் வழங்கியமையால் அழுத்தத்திற்கும் அலகுகள் பலவாயின.

இத்தாலிய அறிஞர் தோரிசெல்லி 1640-களில், வளியின் அழுத்தம் கண்ணாடிக் குழாயில் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயர இதளியத்தைத் (பாதரசத்தை) தாங்கி நிற்பதைக் காட்டினார். 1648-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பாசுகலின் வேண்டுகோட்படி, அவர்தம் தமக்கை கணவர் பெரியே, புய் டி டோம் மலைமேல் அக் குழாயைக் கொண்டு சென்றார். மேலே செல்லச் செல்ல இதளியத்தின் உயரம் குறைந்தது. வளிக்கும் எடை உண்டென்பது அதனால் உறுதிப்பட்டது. அவ் அறிஞர் பெயரையே 1971-இல் அனைத்துலக அளவைப் பேரவை அழுத்த அலகிற்குச் சூட்டிற்று. ஒரு சதுர மீட்டர்மேல் ஒரு நியூட்டன் விசை: அதுவே ஒரு பாசுகல்.

இனி, மாற்றும் முறையைக் காண்க. மாற்றெண்களை உருப்போடுவதினும் அவை பிறந்த வழியை அறிவதே மேல். ஒரு கிலோகிராம் எடைவிசை 9.80665 நியூட்டன். அது ஒரு சதுரச் சென்டிமீட்டர்மேல், அதாவது சதுர மீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கின்மேல் தாக்கினால், 98,066.5 பாசுகல் ஆகின்றது. ஒரு பவுண்டு எடைவிசை 4.44822 நியூட்டன், ஒரு சதுர அங்குலம் 0.00064516 சதுர மீட்டர். முன்னதைப் பின்னதால் வகுக்க 6,894.76 பாசுகல் கிடைக்கும். ஒரு பார் என்பது 1,00,000 பாசுகல். செந்தர வளியழுத்தம் 1,01,325 பாசுகல், அதுவே 1.01325 பார், 14.696 பவுண்டு, 760 மில்லிமீட்டர் இதளியம்.

இவற்றுள் பாரும், சதுரச் சென்டிமீட்டருக்குக் கிலோகிராமும், வளியழுத்த அலகும் ஒன்றற்கொன்று மிக நெருங்கியவை. முன்னிரண்டிற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு இரண்டே. அந் நெருக்கமே பலரை ஏமாற்றுகின்றது. 'எல்லாம் ஒன்றே' எனப் பழகிய கை, பத்து மடங்கு பெரிய மெகாபாசுகலைக் காணும்போதும் தயங்குவதில்லை. 1 மெகாபாசுகல் என்பது 10 பார். ஏறத்தாழ 145 பவுண்டு.

எண்மாற்றத்தினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. அளவியின் முள் சுழியைக் காட்டும்போதும் கலத்தினுள் வளியழுத்தம் இருக்கவே செய்கின்றது. அளவி காட்டுவது வெளியழுத்தத்திற்கு மேற்பட்ட மிகுதியை மட்டுமே. முழு அழுத்தம் வேண்டுமாயின் வளியழுத்தத்தையும் கூட்டவேண்டும். எடுத்துக்காட்டாக, 27 பாகை வெப்பநிலையில் அளவி 220 கிலோபாசுகல் காட்டும் மூடிய கலத்துக் காற்று 57 பாகைக்குச் சூடாகின்றது. கெல்வின் கணக்கில் 300 என்பது 330 ஆகின்றது; பத்தில் ஒரு பங்கு உயர்வு. கலத்தின் கொள்ளளவு மாறாதாயின், 220-ஐ அப்படியே பெருக்கி 242 என்பது தவறு. 220-உடன் 101.3-ஐக் கூட்டி, வரும் 321.3-ஐ 1.1-ஆல் பெருக்கி, மீண்டும் 101.3-ஐக் கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 252.

அலகு மயக்கம் கல்லாதார்க்கு மட்டும் வருவதன்று. 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நாட்டின் விண்கலம் ஒன்று செவ்வாயை அடைந்த வேளையில் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு சாரார் பவுண்டு விசையில் தர, மற்றொரு சாரார் அதனை நியூட்டன் விசையெனக் கொண்டனர். இரண்டிற்கும் இடையே 4.45 மடங்கு வேறுபாடு! கலம் குறித்த உயரத்தினும் மிகத் தாழ்ந்து சென்று கெட்டது. கணக்கிட்டோர் பேரறிஞரே, எனினும் எண்ணோடு அலகு உடன் செல்லவில்லை.

ஆதலின் பொறித்தொழில் பயிலும் இளைஞர் நான்கு நெறிகளைக் கைக்கொள்க. எண் எழுதும் இடமெல்லாம் அலகையும் எழுதுக. அளவி அழுத்தமா, முழு அழுத்தமா என்பதைக் குறித்து வைக்க. எவ் அலகாயினும் முதலில் பாசுகலுக்கு மாற்றிப் பின்னரே வேண்டிய அலகிற்குச் செல்க. இறுதியாக, விடை உலகியலுக்குப் பொருந்துமா என எண்ணிப் பார்க்க. 10 மீட்டர் நீருயரம் ஏறத்தாழ ஒரு பார் என்னும் ஓர் உண்மையை நினைவிற் கொண்டாலே போதும்; 15 மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் 150 பார் என்று விடை வந்தால், பிழை தானே தலைகாட்டும்.

கொதிகலத்தின் அருகே நின்று உழைப்பவனுக்கு அளவியின் முள்ளே காவல். அம் முள் பேசும் மொழி அலகு. அதனைப் பிழையறக் கற்பது அவன் உயிரைக் காப்பதாகும்.