ஒரு காம்பராவில் எத்தனை அடுப்பு?

(2025ஆம் ஆண்டு தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு இன்னும் சோறு ஆக்க வேண்டும். அதனால் இன்று ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போகிறோம். அது அஸ்வெசும.

இந்தப் பெயரைச் சொன்னாலே நமது லயங்களில் முகங்கள் மாறிவிடுகின்றன. கிடைத்தவர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். கிடைக்காதவர் அடுத்த வீட்டைப் பார்க்கிறார். 2023இல் பட்டியல் வந்ததிலிருந்து, ஒரே பீலியில் தண்ணீர் பிடித்த இரண்டு வீட்டார் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சண்டை எங்கள் வகுப்பறைக்கும் வந்தது. "ஒங்க அம்மாதான் எங்க வீட்டுக்கு எதிரா எழுதிப் போட்டாங்க" என்று தரம் ஐந்தில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது. அந்தத் தாய் எழுதினாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.

பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு எதிராக ஆட்சேபனை கொடுக்க இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யவும் இடம் உண்டு. நம்மில் பலர் முதலாவதைக் கேள்விப்பட்டோம். இரண்டாவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். 2025இல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வரையும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய் வரையும் கொடுக்கிறார்கள். 2025இல் நமது நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படியென்றால் அந்த 17,500 ரூபாய், கழிவுகளுக்கு முன் ஏறக்குறைய 13 நாள் பேருக்குச் சமம். மழை நாளில் வேலை நின்றாலும், காய்ச்சலில் படுத்தாலும் வரக்கூடிய 13 பேர். ஆகவே இது சில்லறைக் காசு என்று யாரும் சொல்லவேண்டாம்.

இது யாருடைய தர்மமும் அல்ல. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடக்கும் காரியம். எந்தத் தலைவருக்கும் எந்த அதிகாரிக்கும் இதற்காக நாம் கும்பிடு போடவேண்டியதில்லை.

அப்படியானால் நம்மவர்கள் ஏன் விடுபடுகிறார்கள்? கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வைத்து வறுமையை அளக்கிறார்கள். கேள்விகள் எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் தனி வீடு, தனி வாசல், தனி மின்சாரப் பட்டியல் உள்ள இடத்தில்தான் அவை சரியாகப் பொருந்தும். நமது லயக் காம்பராவில் ஒரு வாசலுக்குள் இரண்டு மூன்று குடும்பம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்றவர். முன் காம்பராவில் மகன் குடும்பம், துணித் திரைக்குப் பின்னால் பாட்டி. மருமகளின் அடுப்பு குசினியில், பாட்டியின் அடுப்பு வீட்டுக்குப் பின்னால் தகரத்தின் கீழ். விபரம் எடுக்க வந்தவர் காலை பத்து மணிக்கு வந்தார். பெரியவர்கள் மலையில். பாட்டி கிளினிக்கில். வீட்டில் இருந்தது பேத்தி மட்டும். எத்தனை பேர் என்று கேட்டார், ஆறு பேர் என்றது பிள்ளை. டீவி இருக்கிறதா? இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி? இருக்கிறது. பிள்ளை உண்மையைத்தான் சொன்னது. எழுதியவரும் கேட்டதைத்தான் எழுதினார். மகன் தவணை முறையில் வாங்கிய பொருட்கள் எல்லாம் பாட்டியின் சொத்தாகிவிட்டன. பெயர் வரவில்லை.

பாட்டி எங்களிடம் வந்தபோது மேன்முறையீட்டுக் காலம் முடிந்திருந்தது. பட்டியல் வந்த வாரம் நாங்கள் இதே தோட்டத்தில்தான் இருந்தோம். சங்கக் கிளையும் இருந்தது. வீடு வீடாகப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நமது பிழை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறோம். 2024இல் இரண்டாம் கட்ட விண்ணப்பம் கோரியபோது, தனி அடுப்பு என்று தெளிவாக எழுதிக் கொடுத்தோம். பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள். ஒன்றாகத் தங்கி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுபவர்களே ஒரு வீட்டுக் குடித்தனம் என்பதுதான் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்கு. கூரையை எண்ணுவதில்லை, உலையை எண்ணுகிறார்கள். அதையே நாமும் கேட்கலாம்.

தோழர்களே, பட்டியல் திருந்தினால் வறுமை தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அரசாங்கத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் வறியவர்கள் நூற்றுக்கு 14.3. தோட்டத்துறையில் நூற்றுக்கு 33.8. மூன்று பேரில் ஒருவர். இவர்கள் சோம்பேறிகளா? விடிய முன் எழும்பி மலையேறுகிறவர்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. இன்றும் பெரும்பாலான லயங்களுக்கு நம்மிடம் உறுதிப்பத்திரம் கிடையாது. சம்பளம், காணி, வீடு ஆகிய மூன்றும் சரியாகும்வரை நம்மை ஏழையாக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். உதவிப் பணம் வருகிறதே என்று சம்பளப் போராட்டத்தைத் தளர்த்தக்கூடாது. சம்பளம் கூடட்டும் என்று உதவிப் பணத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது.

இனிச் செய்யவேண்டியவை.

ஒன்று: படிவத்தைத் தமிழில் வாசித்துக் கேட்காமல் யாரும் கையெழுத்து வைக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பாடசாலையில் இருப்போம். உயர்தரம் படிக்கும் நமது பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள்.

இரண்டு: விபரம் எடுக்க வருகிறார்கள் என்று தெரிந்தால், வீட்டுக்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும். அன்றைய பேர் போகாமல் இருக்க, வேலை முடிந்தபின் வரும்படி கிராம உத்தியோகத்தரிடம் கிளை எழுத்தில் கேட்கும்.

மூன்று: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். 70 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு 5,000 ரூபாய் முதியோர் கொடுப்பனவு உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

நான்கு: பக்கத்து வீட்டுக்கு எதிராக ஆட்சேபனை எழுதுமுன், உங்கள் வீட்டுக்காக மேன்முறையீடு எழுதுங்கள். அவருடைய பெயர் வெட்டுப்பட்டால் அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு வராது. அங்கே ஓர் அடுப்பு அணையும், அவ்வளவுதான்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நமது மக்கள் நடந்து போனார்கள். 200 வருடத்துக்கு முன் வந்தவர்களை நினைத்து நடந்தார்கள். அந்தக் காட்டுப்பாதையில் விழுந்தவரை எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டா தூக்கினார்கள்? நமக்குப் பத்து அடி தூரம்தான். நாளைக்குப் பீலியடியில் அந்த இரண்டு வீட்டாரும் பேசவேண்டும். பெரியவர்கள் பேசினால் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் தாமாகவே பழைய இடத்துக்கு வந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை பையோடு வாருங்கள். பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.