பின் இருக்கையைத் திரும்பிப் பாருங்கள்



1975-ஆம் ஆண்டு பாரிஸ் கார் கண்காட்சியில் ஃபெராரி நிறுவனம் 308 ஜிடிபி என்னும் ஸ்போர்ட்ஸ் கூபே காரை அறிமுகம் செய்தது. தாழ்வான உருவம், இரண்டே இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் எஞ்சின். ஐரோப்பாவில் விற்ற காரின் சக்தி 255 குதிரைத்திறன். செல்வந்தர்கள் மட்டுமே வாங்க முடிந்த கார் அது.

அதனருகே அமெரிக்காவில் விற்ற 2018 மாடல் டொயோட்டா கேம்ரியை நிறுத்திப் பாருங்கள். ஐந்து பேர் அமரும் செடான். பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் போகிற குடும்பக் கார். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 301 குதிரைத்திறன்!

பழைய கார் தன் வேகத்தை மறைக்காது. எஞ்சின் காதருகே இரையும். சாலையின் மேடுபள்ளம் உடம்பில் தெரியும். ஓட்டுபவர் தானாகவே விழிப்பாக இருப்பார். புதிய காரிலோ நூறு கிலோமீட்டர் வேகத்திலும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. நாம் வேகத்தை உணராவிட்டாலும் அதன் விளைவு குறைவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால், மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

அப்படியானால் குடும்பக் காரின் உண்மையான பெருமை எது? ஏறிய ஐவரையும் காப்பதற்கென்றே அது அமைக்கப்பட்டிருக்கிறது. பத்து ஏர்பேக்குகள் இருக்கின்றன. ஒவ்வோர் இருக்கைக்கும் பெல்ட் இருக்கிறது. இன்று நாம் அணியும் மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்திற்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர். எல்லா உயிரும் காக்கப்பட வேண்டும் என்று, மற்ற நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த வால்வோ அனுமதித்தது.

அந்தக் கொடையை நாம் என்ன செய்கிறோம்? பின் இருக்கை உறைக்கு அடியில் செருகி வைக்கிறோம்! "பின்னாலதானே உட்கார்ந்திருக்கோம்" என்கிறோம். கார் மோதி நிற்கும்போது, பெல்ட் போடாதவர் அதே வேகத்தில் முன்னால் வீசப்படுவார், முன்னிருப்பவரையும் தாக்குவார்.

இந்த ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்போது, வண்டியைக் கிளப்புமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பாட்டிக்குப் பெல்ட் மாட்டியாயிற்றா? பிள்ளைக்கு?

அந்த ஃபெராரியில் ஒருவர்தான் உடன் வர முடியும். உங்களை நம்பி நான்கு பேர் ஏறியிருக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்பது வீட்டில் காத்திருப்பவர்களுக்குப் பெரிதல்ல. எல்லாரும் பத்திரமாக வந்தீர்களா என்றுதான் கேட்பார்கள்.

இறைவன் உங்கள் பயணங்களைக் காப்பாராக.