தம்புள்ளைக்கு இப்போதே ஒரு வரைபடம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடத்தில் இருப்பதால், தம்புள்ளை யாரும் வளர்க்காமலே வளரக்கூடிய நகரம். 1999இல் மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதும் பல மாவட்டங்களின் மரக்கறி இங்கே வந்து குவியத் தொடங்கியது. 2011இல் மாநகர சபையும் வந்தது. வியாபாரம் தானாக வரும். வடிகாலும் குப்பை அகற்றலும் லொறித் தரிப்பிடமும் அப்படி வருவதில்லை. ஆகவே இருபது ஆண்டுகளை முன்னோக்கும் முழுமையான நகரத் திட்டம் இங்கே அவசியம் என்கிறேன்.

திட்டங்கள் அலுமாரியில்தான் கிடக்கின்றன, கையில் காசும் இல்லை என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் திட்டத்தின் மிகப் பெறுமதியான பகுதிக்குச் செலவு குறைவு: எதிர்கால வீதிக்கும், குளங்களின் நீரேந்து பரப்புக்கும், ஓடைக்கரைக்கும் உரிய நிலத்தை இன்றே குறித்து, அங்கே கட்டட அனுமதி கொடுக்காமல் இருப்பது. கட்டியபின் நட்டஈடு கொடுத்து இடிப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகாது. 1991 முதல் உலக மரபுரிமையாக உள்ள தம்புள்ளை குகை விகாரையின் பாறையை மறைக்காத கட்டட உயரமும் இப்போதே முடிவாக வேண்டும். இவற்றையெல்லாம் காட்டும் வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும் சந்தை வாசலில் தொங்கட்டும். விவசாயியும் வியாபாரியும் பார்த்து ஆட்சேபம் சொல்லட்டும்.