மயிலுக்குப் போர்வையும் குழந்தைக்கு முயலும்

(அறப்பணி வாரியத்தின் குடும்ப நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்தபோது, என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருவர் தம் மகனோடு வந்தார். "சார், இவனுக்கு 5 வயசு. வீட்டில வளர்க்க ஏதாவது சின்னப் பிராணி வேணும்னு தினமும் அழறான். நாங்க இருக்கிறது பிளாட்டு வீடு. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை எழுதியவன். ஆகவேதான் இன்றைக்கு இதையே பேசுகிறேன் என்று தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என்னைப் போல் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இப்படி ஒரு கேள்வியே புதிது. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். பிராணியை யாரும் அங்கே 'வாங்கியது' இல்லை. நாய் தானாக வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். கோழி கூட்டைவிட்டுப் பறந்து போய்ப் பால்மரத்தடியில் கிளறும். ஆட்டையும் மாட்டையும் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு போவோம். மழை பெய்து அல்லூரில் தண்ணீர் ஓடினால் சண்டை மீன் பிடித்துப் புட்டியில் விடுவோம். இவற்றில் எதையும் நாங்கள் 'செல்லப் பிராணி' என்று அழைத்ததில்லை. நாய்க்குக் காவல் வேலை, பூனைக்கு எலி பிடிக்கும் வேலை, கோழிக்குத் தீபாவளிக்கு முதல் நாள் என்ன வேலை என்பது எல்லாருக்கும் தெரியும். நான் பேர் வைத்து வளர்த்த சேவலுக்கும் அதே கதிதான். அன்று நான் சாப்பிடவில்லை. அப்பா என்னைத் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை.

அந்த வாழ்க்கையில் ஒரு வசதி இருந்தது. நாம் மறந்தாலும் பிராணி தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். வெயில் அடித்தால் நிழல் தேடிப் போகும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாம் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், அலோர் ஸ்டார் என்று தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் வந்து சேர்ந்தோம். இங்கே கூண்டில் இருக்கும் ஓர் உயிருக்கு நிழலும் நாம்தான், தண்ணீரும் நாம்தான். இந்த வேறுபாட்டை நான் உணரவில்லை.

2016ஆம் ஆண்டின் தொடக்கம். என் பேத்திக்கு அப்போது 4 வயது. நான் இன்னும் ஆசிரியர் பணியில் இருந்தேன். கடை ஒன்றில் வெள்ளை முயல் குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கூண்டை விட்டு நகர மறுத்தாள். கடைக்காரர், "கேரட் போட்டால் போதும் சார், ஒரு தொல்லையும் இல்லை" என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. வாங்கிவிட்டேன். 'பஞ்சு' என்று பேர் வைத்தாள். பின்கட்டில், தகரக் கூரைக்கு அடியில் கூண்டை வைத்தோம்.

அந்த ஆண்டின் வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். எல் நினோ என்றார்கள். ஏப்ரல் மாதத்தில் வெப்பம் தாங்காமல் பெர்லிஸிலும் நம் கெடாவின் பெண்டாங் மாவட்டத்திலும் பள்ளிகளையே மூடினார்கள். பிள்ளைகளை வெயிலில் விடாதீர்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னவன் நான். வீட்டுப் பின்கட்டில் தகரத்துக்கு அடியில் ஓர் உயிர் இருப்பது என் நினைவுக்கு வரவில்லை. ஒரு பிற்பகல் வீடு திரும்பியபோது பஞ்சு இறந்து கிடந்தது.

பிறகுதான் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகத்தான் வெளியேற்றும். 30 பாகைக்கு மேல் போனாலே அதற்கு ஆபத்து. நம் ஊரில் சாதாரண நாளிலேயே பிற்பகல் 32, 33 பாகை. அதன் முதன்மை உணவு கேரட்டும் அல்ல, உலர்ந்த புல். அதன் முதுகெலும்பு மென்மையானது. சின்னப் பிள்ளை தூக்கும்போது திமிறி உதைத்தால் அதுவே முறிந்துபோகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 10 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர். எங்கள் வீட்டில் 3 மாதம் இருந்தது.

அதைவிடப் பெரிய தவறு அன்று மாலை செய்தேன். பாலர் பள்ளியிலிருந்து வந்த பேத்தியிடம், "பஞ்சு தாத்தாவோட பழைய தோட்டத்துக்குப் போயிடுச்சு. அங்கே நிறையப் புல் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் உண்மை பேசச் சொல்லிக் கொடுத்தவன்!

பிள்ளை நம்பிவிட்டாள். நம்பியதால் விடவில்லை. "எப்போ தாத்தா பார்க்கப் போறோம்?" என்று வாரம் தவறாமல் கேட்டாள். சாப்பாட்டில் வரும் கேரட்டை எடுத்து ஒரு பையில் சேர்த்து வைத்தாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். லயங்கள் இல்லை, எங்கள் பள்ளிக்கூடம் இல்லை. வரிசை வரிசையாகச் செம்பனை. அவள் கார் அருகில் நின்று, "பஞ்சு! பஞ்சு!" என்று கூப்பிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குனிந்து உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "செத்துப்போனப்போ அது கூட யார் இருந்தா தாத்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

அன்பர்களே, மயிலுக்குப் போர்வை தந்த பேகன் கதையை ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப் பகுதியை ஆண்டவன். ஒரு வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், மயிலுக்குத்தான் இறக்கை இருக்கே, அதுக்குப் போர்வை எதுக்கு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் அவனை உட்காரச் சொன்னேன். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி என்பது எனக்கு முயல் செத்த பிறகுதான் விளங்கியது. பேகனின் அன்பு பெரியது, ஐயமில்லை. ஆனால் அந்த உயிருக்கு என்ன தேவை என்று கேட்டுக் கொடுப்பது அதைவிட நல்லது.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஐந்து கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, இதை யார் பார்த்துக்கொள்வது? 5 வயதுப் பிள்ளை உதவி செய்வான், பொறுப்பேற்க மாட்டான். பிள்ளை கேட்டாலும், வளர்க்கப் போவது அப்பாவும் அம்மாவும்தான். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இரண்டாவது, எத்தனை ஆண்டு வாழும்? ஹாம்ஸ்டர் 2, 3 ஆண்டு. பூனை 15 ஆண்டுக்கு மேலும் இருக்கும். இன்று பாலர் பள்ளிக்குப் போகிறவன் பல்கலைக்கழகம் போகும்போதும் பூனை உங்கள் வீட்டில்தான்.

மூன்றாவது, நம் வெயிலைத் தாங்குமா? எங்கே வைக்கப் போகிறோம்?

நான்காவது, தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் யார் தண்ணீர் வைப்பார்கள்?

ஐந்தாவது, சட்டமும் அண்டை வீடும் இடம் கொடுக்குமா? நாய் என்றால் ஊராட்சி மன்ற உரிமம் வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் மனமும் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடையே வெறிநோய் கண்டதை மறக்கக்கூடாது. நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் தாய் கர்ப்பமாக இருந்தால் பூனையின் மலப் பெட்டியை அவர் சுத்தம் செய்யக்கூடாது. அதில் கருவைப் பாதிக்கும் கிருமி இருக்கலாம். அந்த வேலையை வீட்டுக்காரர் செய்யட்டும்.

இனி, வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டு உயிர் எதுவும் வேண்டாம். செம்பனைத் தோட்டத்தில் கிடைத்தது என்று சிலர் தேவாங்கை விற்க வருவார்கள். மலாயில் கொங்காங் என்பார்கள். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்பு பெற்ற உயிர். அதன் கடியில் நஞ்சும் உண்டு.

சிவப்புக் காது ஆமைக்குஞ்சு வேண்டாம். ஐம்பது காசு நாணயம் போல அழகாக இருக்கும். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு, 20, 30 ஆண்டு ஆயுள். அதன் மேல் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். பிள்ளைகள் ஆமையை வாயில் வைத்து நோயில் விழுந்ததால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975லேயே தடை போட்டது. வளர்ந்த பிறகு வைத்திருக்க முடியாமல் ஆற்றிலும் ஆலயக் குளத்திலும் விடுவது புண்ணியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்பர்களே, அது புண்ணியம் அன்று. வெளிநாட்டு ஆமை நம் ஊர் ஆமையின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஹாம்ஸ்டர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் விநாயகர் வாகனத்தின் உறவுக்காரர்தான், நல்ல பிராணி. ஆனால் பகலில் தூங்கி இரவில் விழிக்கும். தூங்கும்போது பிள்ளை கையில் எடுத்தால் கடிக்கும். சிரிய ஹாம்ஸ்டரை இரண்டாக ஒரே கூண்டில் வைத்தால் இரத்தம் வருமளவு சண்டை போடும். 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு யோசிக்கலாம்.

கினிப் பன்றி, பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அது பன்றி இனமே அல்ல, தென்னமெரிக்க மலைநாட்டுக் கொறிக்கும் பிராணி. சாதுவானது, பகலில் விழித்திருக்கும், கடிப்பது அரிது. 5 முதல் 7 ஆண்டு வாழும். தனியாக இருந்தால் ஏங்கும், ஆகவே ஒரே பாலில் இரண்டு வேண்டும். நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. தினமும் குடைமிளகாய்த் துண்டோ பச்சைக் கீரையோ கொடுக்க வேண்டும். ஆனால் முயலைப் போலவே அதற்கும் வெயில் எமன். மின்விசிறி ஓடும் குளிர்ந்த அறை இல்லாதவர்கள் அதை வாங்கவே கூடாது.

பிளாட்டு வீட்டில் 5 வயதுப் பிள்ளைக்கு என்று என்னைக் கேட்டால், மீன்தான். உரோமம் இல்லை, ஆகவே மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கும் பயமில்லை. நம் வெயில் கப்பி மீனுக்கு ஒத்துக்கொள்ளும். கண்ணாடிக் கிண்ணத்தில் வேண்டாம். 40 லிட்டர் தொட்டியும் சிறிய வடிகட்டியும் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்தைச் சில துளி விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டியை வைத்த அன்றே மீனை நிரப்பாதீர்கள். மீனின் கழிவை அழிக்கும் நல்ல நுண்ணுயிர் பெருகச் சில வாரம் ஆகும். இரண்டு மூன்று மீனில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஆண் மீன் மட்டும் வாங்குங்கள். பெண்ணையும் சேர்த்தால் மாதம் ஒரு பிரசவம்! சண்டை மீன் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று, தனித் தொட்டியில்.

மீன் சாவதற்குப் பெரிய காரணம் பட்டினி அல்ல, அளவு மீறிய தீனி. இதற்கு ஒரு வாத்தியார் யோசனை சொல்கிறேன். ஏழு கட்டம் உள்ள மாத்திரைப் பெட்டியை வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிட்டிகை தீனியை நீங்களே போட்டு வையுங்கள். அன்றைய கட்டத்தைத் திறந்து கொட்டுவது பிள்ளையின் வேலை. கிழமைகளின் பெயரும் சேர்ந்து மனப்பாடமாகும். தொட்டியில் கை வைத்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவும் பழக்குங்கள்.

கடைசியாக ஒன்று. கப்பி மீன் 2 ஆண்டு வாழ்ந்தால் அதிகம். ஒருநாள் பிள்ளை பாலர் பள்ளி போயிருக்கும்போது அது மிதக்கும். அவசரமாகக் கடைக்கு ஓடி அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்து போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பிள்ளை வரும்வரை வைத்திருந்து, "மீன் செத்துப்போச்சு, இனி வராது" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். தூங்குகிறது என்றோ ஊருக்குப் போயிருக்கிறது என்றோ சொல்லாதீர்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

தோட்டத்திலிருந்து திரும்பிய மறு ஆண்டு, என் பேத்தி தானே மீன் கேட்டாள். வாங்கும் முன் கடைக்காரரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு வெயில் ஒத்துக்குமா அங்கிள்?" என்பது. இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். எங்கள் செம்பருத்திச் செடியின் அடியில் எத்தனையோ மீன்கள் உறங்குகின்றன. ஒவ்வொன்றையும் புதைக்கும்போது அவளோடு நானும் நின்றிருக்கிறேன்.

அன்று கேள்வி கேட்ட தாய் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். அம்மா, இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். உங்கள் மகன் மாத்திரைப் பெட்டியோடு வந்து என்னைப் பார்க்கட்டும். முதல் வாரத் தீனியை நான் நிரப்பித் தருகிறேன்.